பாசி ஜெல்லில் கீமோ மருந்து: அம்மாவுக்குக் கிடைக்குமா?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரிலிருந்து எழுதுகிறேன். அம்மா பாசி எடுக்கக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். மார்பகப் புற்றுநோய், அக்குள் வரை பரவியிருக்கிறது. மதுரையில் இரண்டு கீமோ முடிந்தது. முடி கொட்டிவிட்டது, ஓயாத வாந்தி. கடல்பாசி ஜெல்லில் மருந்தை ஏற்றிக் கட்டிக்குள்ளேயே வைத்துவிடலாம், பக்கவிளைவே இருக்காது என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அது வரும்வரை கீமோவை நிறுத்தி வைக்கலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம் தம்பி. மூன்றாவது கீமோவை மருத்துவர் குறித்துக் கொடுத்த தேதியிலேயே போட்டுவிடுங்கள்.

வீடியோவில் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. தண்ணீரை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும் பாலிமர் (நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறு) வலைக்குத்தான் ஹைட்ரோஜெல் என்று பெயர். ஊறிய சப்ஜா விதையைச் சுற்றி வழவழவென்று இருக்கிறதே, அதுவும் அந்த வகைதான். உங்கள் கரையில் கிடைக்கும் கட்டக்கோரைப் பாசியிலிருந்து ஆல்ஜினேட் என்ற பசைப்பொருளை எடுக்கலாம். அந்தக் கரைசலைக் கால்சியம் கலந்த தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட்டால், வெந்த ஜவ்வரிசி மாதிரி உருண்டு நிற்கும். உள்ளே மருந்து இருந்தால் மெல்ல மெல்லக் கசியும். ஆனால் பாசி ஜெல்லில் கீமோ மருந்தை ஏற்றும் வேலை இன்னும் பெரும்பாலும் ஆய்வகத்திலும் எலிகளிலும்தான் நடக்கிறது.

மனிதர்களுக்கு வந்துவிட்ட ஜெல் மருந்தும் உண்டு. 2020-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஜெல்மைட்டோ, மைட்டோமைசின் என்ற பழைய கீமோ மருந்தைச் செயற்கைப் பாலிமரில் கலந்தது. நோன்பு மாதத்தில் கீழக்கரை வீடுகளில் காய்ச்சும் கடல்பாசி சூட்டில் தண்ணீராக இருந்து, ஆறினால் உறையும். ஜெல்மைட்டோ நேர் எதிர்: குளிரில் திரவம், உடம்புச் சூட்டில் ஜெல். சிறுநீரகத்தின் உட்குழிக்குள் குழாய் வழியே செலுத்துவார்கள். தண்ணீர் மருந்தென்றால் சிறுநீரோடு சட்டென்று போய்விடும். ஜெல் தங்கி நின்று வேலை செய்யும். அந்த இடத்தில் வரும் வீரியம் குறைந்த வகைப் புற்றுக்கு மட்டும்தான் அது.

அம்மாவின் நோய் அப்படி ஓரிடத்தில் நிற்கவில்லை. ஜெல் வைத்த இடத்தைச் சுற்றித்தான் மருந்து இறங்கும். அக்குளைத் தொட்ட நோயின் அணுக்கள் கண்ணுக்குத் தெரியாமல் வேறெங்கும் போயிருக்கலாம். அவற்றைத் துரத்த மருந்து ரத்தத்தில் ஓடியாக வேண்டும். அந்த ஓட்டத்தில்தான் முடியின் வேரும் அடிபடுகிறது. பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். கீமோ முடிந்தபின் பெரும்பாலும் முடி திரும்ப வளர்ந்துவிடும்.

வாந்தியைச் சகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எத்தனை முறை, எந்த நாளில் என்று ஒரு தாளில் குறித்துக் காட்டுங்கள். மாத்திரையை மாற்ற முடியும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், நள்ளிரவானாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். மதுரை வரை போகாமல், கீமோ ஃபைலோடு ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

பாசிக் கஞ்சியோ பாசி மாத்திரையோ இந்த ஜெல்லுக்கு ஈடாகாது. ஏற்கெனவே ஏதாவது கொடுத்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள், யாரும் திட்ட மாட்டார்கள்.

ஜெல் சிகிச்சை ஆய்வில் சேர்த்துவிடுகிறேன் என்று யாராவது வந்தால், சிடிஆர்ஐ (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு எண்ணைக் கேளுங்கள். 2009 முதல் இந்தியாவில் மருந்து ஆய்வுகளுக்கு அந்தப் பதிவு கட்டாயம். எண்ணைச் சொல்லாமல் முன்பணம் கேட்கிறவரிடம் அம்மாவை ஒப்படைக்காதீர்கள்.