அசல் இசைத்தட்டுக்கு முன்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: யூடியூபில் ஜப்பானிய இசைக்கலைஞர் ஹிரோஷி யோஷிமுராவின் ‘மியூசிக் ஃபார் நைன் போஸ்ட்கார்ட்ஸ்’ கேட்டு மயங்கிவிட்டேன். 1982இல் வந்த அசல் தட்டு தன்னிடம் இருப்பதாகச் சொல்லி வாட்ஸ்அப்பில் ஒருவர் 28,000 ரூபாய் கேட்கிறார், பாதி முன்பணம். கொடுக்கலாமா? இதுபோல் யாரும் கவனிக்காத ஆம்பியன்ட் (சூழலோடு கரையும் மென்மையான இசை) பதிவுகளை நானே தேடுவது எப்படி? – தக்கலை வாசகர்

பதில்: ஒரு பைசாவும் கொடுக்காதீர்கள். இந்த இசை 2017இலேயே மறுபதிப்பாக வந்துவிட்டது. அது உங்களுக்குத் தெரியாது என்பதுதான் தரகரின் முதலீடு. அட்டைப்படத்தை அனுப்பி ‘ஜப்பான் அசல்’ என்பார். அட்டை எதையும் நிரூபிக்காது. தட்டின் நடு லேபிளைச் சுற்றி வரியில்லாத வழவழப்பான வளையம் உண்டு. அதில் எழுத்தும் எண்ணும் கீறியிருக்கும். அதைப் படம்பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். டிஸ்காக்ஸ் என்ற இசைத்தட்டுத் தகவல் தளத்தில் ஒவ்வொரு பதிப்புக்கும் தனிப் பக்கம் இருக்கிறது. அங்கே எண்ணையும் ஒத்துப்பார்க்கலாம், முன்பு என்ன விலைக்குக் கைமாறியது என்பதையும் பார்க்கலாம். “உறையைப் பிரித்தால் மதிப்பு போய்விடும் சார்” என்று அவர் சொன்னால் அவருடைய வாட்ஸ்அப் எண்ணை பிளாக் செய்துவிடுங்கள். இந்த வசனத்தை நான் கேட்காத மாதமே இல்லை.

கேட்பதற்கு மறுபதிப்பே போதும், இசை ஒன்றுதான். ஆனால் யோஷிமுராவின் ‘கிரீன்’ விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. 1986இல் ஜப்பானில் வந்த தட்டில் வெறும் இசை. அமெரிக்கப் பதிப்பில் இயற்கை ஒலிகளைச் சேர்த்துவிட்டார்கள். 2020 மறுபதிப்பு ஜப்பான் வடிவத்தைப் பின்பற்றியது. குழித்துறை நண்பர் ஒருவர், தான் கேட்டுப் பழகிய இயற்கை ஒலி அதில் இல்லை, எனவே போலி என்று சொல்லி நல்ல தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்! வாங்கும் முன் எந்த வடிவத்தைக் கேட்டீர்கள் என்று பாருங்கள்.

தேடுவதற்கு, இசைக்கலைஞர் பெயரை விட்டுவிட்டு வெளியிட்ட நிறுவனத்தைப் பிடியுங்கள். உங்கள் தட்டு, சதோஷி அஷிகாவாவின் சவுண்ட் பிராசஸ் நிறுவனம் வெளியிட்ட ‘வேவ் நொட்டேஷன்’ வரிசையில் முதலாவது. இரண்டாவது அஷிகாவாவின் ‘ஸ்டில் வே’. மூன்றாவதில் சத்சுகி ஷிபானோ பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சத்தியின் இசையைப் பியானோவில் வாசிக்கிறார். இவர்களுடன் வாசித்தவர்கள் வேறு எந்தத் தட்டில் வாசித்தார்கள் என்று தேடினால், யூடியூப் காட்டாததெல்லாம் வரும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கத் தீர்வை உண்டு. எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல ஒருவருக்கும் வாயில்லை. என் பார்சல் ஒன்று ஆறு வாரம் எங்கோ தூங்கிவிட்டு, மூலை மடங்கி வந்தது. காரணம் கேட்டால் இன்னொரு படிவம்.

அதற்கு முன் ஊரிலேயே பாருங்கள். 80களில் வளைகுடாவிலிருந்து வந்த பெட்டிகள் இன்னும் பல வீட்டு மச்சுகளில் கிடக்கின்றன. மிச்சம் ஆக்கர் கடைக்கு, அதாவது பழைய சாமான் கடைக்குப் போகிறது. பெயர் புரியாத கேசட்டை ஒதுக்காதீர்கள். ஆனால் இரண்டு பருவமழையும் கொட்டும் ஊர் இது. நாடாவில் வெள்ளைப் பூசணம் தெரிந்தால் பிளேயரில் போடாதீர்கள். அது நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும்.