சுருக்குப்பைக்குள் என்ன இருக்கு?

ஞாயிறு மதியங்களில் ராமநாதபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டம் நடக்கும். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, மந்திரவாதி, திருடன், பூசாரி என்று ஆளுக்கொரு வேஷம் எடுத்து, பகடை உருட்டிக் கதையை நகர்த்துகிற ஆட்டம். கதை சொல்லி நடத்துவது, அதாவது டிஎம் வேலை, என் தலையில். மந்திரத்துக்கு வேண்டிய பொருட்களைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன். தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் கேள்வி வந்துவிட்டது. எங்கள் மேசையில் இன்னும் 2014 விதிநூல்தான் ஓடுகிறது. பதிலும் அதை வைத்துத்தான்.

கீழக்கரை, கல்லூரி மாணவர்: காக்கா, நாங்க அஞ்சு பேருமே புதுசு. என் மந்திரவாதிகிட்ட ஆறு ஸ்பெல் இருக்கு. மணல், இறகு, வௌவால் எச்சம்னு ஒவ்வொண்ணையும் எண்ணி எழுதி வைக்கணுமா?

வேண்டாம் தம்பி. ஆட்டத்துக் காசில் 25 தங்கக்காசு கொடுத்து ஒரு காம்பொனன்ட் பவுச், அதாவது மந்திரப் பொருள் பை, வாங்கிவிடு, கதை முடிந்தது. எங்கள் அப்பத்தா இடுப்பில் ஒரு சுருக்குப்பை இருக்கும். பாக்கு கேட்டால் பாக்கு வரும், சுண்ணாம்பு கேட்டால் சுண்ணாம்பு, பள்ளிக்கூடம் போகிற பேரனுக்குச் சில்லறை. எப்போது வாங்கி உள்ளே போட்டாள் என்று யாரும் கணக்குக் கேட்டதில்லை. இந்தப் பையும் அதே ஜாதி. விலை போடாத பொருள் எதுவானாலும் உள்ளே இருப்பதாகவே கணக்கு. பை வேண்டாம் என்றால் மந்திரக்கோல் 10 காசு, கைத்தடி 5 காசு. அதே வேலையைச் செய்யும்.

நீ எழுதி வைக்க வேண்டியது இரண்டே வகை. பொருளுக்குப் பக்கத்தில் தங்கக்காசில் விலை போட்டிருந்தால் எழுது. மந்திரம் போட்டதும் பொருள் தீர்ந்துவிடும் என்று இருந்தால் எழுது. இரண்டும் ஒன்றில்லை. விலை போட்டும் தீராத பொருள் உண்டு, அடுத்த கேள்வியே அதுதான்.

தொண்டி, பிளஸ் டூ மாணவர்: அண்ணே, மந்திரப் பொருள் என்னன்னு கண்டுபிடிக்கிற ஐடென்டிஃபை ஸ்பெல்லுக்கு 100 காசு பெறுமானமுள்ள முத்து வேணுமாம். ஒவ்வொரு தடவையும் ஒரு முத்து போச்சுன்னா எங்க செட்டே போண்டிதான்.

போகாது. ஒரே முத்தையும் ஒரு ஆந்தை இறகையும் வைத்து ஆயுசு முழுக்க ஓட்டலாம்.

ஆனால் இந்தக் கரையில் பிறந்துவிட்டு, "கடைக்குப் போனாய், முத்து வாங்கினாய்" என்று ஒரே வரியில் முடிக்க எனக்கு மனசு வருவதில்லை. மன்னார் வளைகுடாவில் 1961-க்குப் பிறகு அரசு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. அதற்கு முன்னால் எப்படி இறங்கினார்கள் என்று பெரியவர்களைக் கேட்டுப் பார். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு கடலடி முத்துப் பாரில் இறங்குவது, தம் அடக்கிச் சிப்பியை அள்ளுவது, கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவன் இழுப்பது. அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்களாம். அக்கா தங்கச்சி தாலி அவனுக்கும் முக்கியம் என்பதால். அள்ளி வந்த சிப்பியைக் குவித்து அழுக விட்டு அலசினால், பாதிக்கு மேல் வெறும் ஓடு.

இதை அப்படியே ஒரு ஞாயிறு மேசையில் வைத்தேன். விதிப்படி மூச்சடக்கும் நேரம் ஒரு நிமிடம், அதோடு கான்ஸ்டிடியூஷன், அதாவது உடல் திடத்துக்கான கூட்டல் எண் எத்தனையோ அத்தனை நிமிடம். மந்திரவாதிக்குக் கூட்டலே இல்லை, ஒரே நிமிடம். யார் கயிறு பிடிப்பது என்று கேட்டதும் குழுவிலிருந்த திருடன் கையைத் தூக்கினான். மேசை கப்சிப். அந்த வாரம் ஒரு வாள் உருவப்படவில்லை, ஒரு பூதம் வரவில்லை. ஆனாலும் இன்றுவரை பேசுகிறார்கள். நூறு மணல் பொட்டலத்தை எண்ணுவதைவிட ஒரு முத்துக்காக மூன்று மணிநேரம் செலவழிக்கலாம்.

சாயல்குடி, பள்ளி ஆசிரியை: ஃபயர்பாலுக்கு வௌவால் எச்சமும் கந்தகமும் என்று போட்டிருக்கிறார்கள். இதற்கு ஏதாவது காரணம் உண்டா, இல்லை வாய்க்கு வந்ததா?

டீச்சர், நீங்கள் கேட்டது எனக்குப் பிடித்த இடம். வாய்க்கு வந்தது இல்லை, அத்தனையும் குறும்பு. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-ல் இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்தார்கள். 1978-ல் வந்த விதிநூலில் மந்திரப் பொருட்கள் பட்டியலாகவே இருக்கின்றன. வௌவால் எச்சத்தில் வெடியுப்பு கிடைக்கும். அதோடு கந்தகமும் கரியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சிவகாசிப் பக்கம் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். மின்னல் வீசுகிற லைட்னிங் போல்டுக்கு ஒரு துண்டு ரோமமும் ஒரு கண்ணாடிக் கோலும். தேய்த்தால் மின்சாரம், உங்கள் எட்டாம் வகுப்புப் பாடம்.

மற்றவை சொல் விளையாட்டு. அடுத்தவர் நினைப்பைப் படிக்கிற ஸ்பெல்லுக்கு ஒரு செப்புக்காசு, ஏனென்றால் ஆங்கிலேயர்கள் "உன் யோசனைக்கு ஒரு காசு தர்றேன்" என்பார்கள். சைலண்ட் இமேஜ் என்ற மாயத்தோற்றத்துக்குக் கொஞ்சம் ஆட்டு ரோமம். ஏமாற்றுவதை அவர்கள் ஊரில் கண்ணில் கம்பளியை இழுத்துவிடுவது என்பார்கள். தமிழ் மேசையில் இது எதற்கும் யாரும் சிரிப்பதில்லை. அதனால் நாங்கள் மாற்றிக்கொண்டோம். சைலண்ட் இமேஜுக்கு ஒரு செவ்வந்தி, காதில் சுற்ற. பேசி ஆளை இணங்க வைக்கிற சஜெஷனுக்குப் பாம்பு நாக்கும் தேனடையும் என்று மூலத்திலேயே இருக்கிறது. தேனொழுகப் பேசுவது நமக்கும் தெரியும், கை வைக்கவில்லை. சத்தத்தை அடக்குகிற சைலன்ஸ் ஸ்பெல்லுக்குப் பொருளே கிடையாது. ஆனாலும் ஒரு கொழுக்கட்டை சேர்த்தோம். எதிராளி வாயில்தான்.

எல்லாவற்றிலும் எனக்குப் பெருமை ஃபிரெண்ட்ஸ் ஸ்பெல்தான். மூலத்தில் முகத்தில் பூசுகிற ஒப்பனை. ஒரு நிமிடம் எதிராளி உங்களிடம் குழைவான். முடிந்ததும் மந்திரம் போட்டது தெரிந்து பகையாகிவிடுவான். நாங்கள் அதற்கு ஒரு முண்டு மிளகாய் வைத்தோம். தலையில் மிளகாய் அரைத்தது தெரிந்தால் எவன் சும்மா இருப்பான்? 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய் வேறு, மந்திரம் பலிக்காமல் போகுமா!

பரமக்குடி, வங்கி ஊழியர்: என் பூசாரி ஒரு கையில் தண்டம், மறு கையில் கேடயம் வைத்திருக்கிறார். மந்திரம் போட முடியாது என்கிறார் எங்கள் டிஎம். நியாயமா?

பாதி நியாயம். பல மந்திரங்களுக்குக் கையால் முத்திரை காட்ட வேண்டும், இரண்டு கையும் நிறைந்திருப்பதுதான் சிக்கல். பூசாரிக்குப் பொருட்பைக்குப் பதிலாக இருப்பது புனிதச் சின்னம். அதைக் கேடயத்தின் மேலேயே பொறித்துக்கொள்ளலாம். கூட்டாளிகளை ஆசீர்வதிக்கிற பிளெஸ் போலப் பொருள் தேவைப்படும் மந்திரத்தில், சின்னம் பிடித்த அதே கையாலேயே முத்திரையும் காட்டலாம் என்று விதி. ஆக பிளெஸ் போடலாம். காயம் ஆற்றுகிற கியூர் வூண்ட்ஸுக்கு வாயும் கையும் மட்டும்தான், பொருள் இல்லை. பொருள் இல்லாததால் சின்னம் பிடித்த கை கணக்கில் வராது, வெறுங்கை வேண்டும். இது தலைகீழாகத் தோன்றும், எனக்கும் தோன்றுகிறது. ஆனால் எழுதியிருப்பது அதுதான்.

வழி: தண்டத்தை இடுப்பில் செருகிவிட்டுப் போடுங்கள். இல்லையென்றால் கை நிறைந்திருந்தாலும் முத்திரை காட்ட விடுகிற வார் காஸ்டர் ஃபீட் என்ற தனித்திறமையை எடுங்கள். அதுவும் இல்லையென்றால் காயம் ஆற்றுகிற இன்னொரு மந்திரமான ஹீலிங் வேர்டு. அதற்கு வாய் மட்டும் போதும், இரண்டு கையும் நிறைந்திருந்தாலும் கவலையில்லை.

பாம்பன், மீன்பிடி வள்ளத்தில் போகிறவர்: வள்ளம் கவுந்து எல்லாரும் தண்ணிக்குள்ள. பை நனைஞ்சா மந்திரம் வேலை செய்யுமா அண்ணே?

விதிநூல் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. என் மேசையில் நனைந்த பையும் வேலை செய்யும். கந்தகம் தண்ணீரில் கரையாது, இறகு காய்ந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் வழக்காட எனக்குத் தெம்பில்லை. நீரில் பை நழுவிப் போவது வேறு விஷயம், அதற்குப் பகடை உருட்டச் சொல்வேன். நீங்கள் செல்போனைக் கவரில் முடிந்து வைக்கிற மாதிரி, மெழுகுத் துணியில் சுற்றியிருக்கிறேன் என்று கரையிலேயே சொன்ன ஆளுக்குப் பகடை இல்லை.

தண்ணீருக்குள் ஃபயர்பால் போடுவேன் என்று அடம்பிடித்தால் போடட்டும். முழுக்க மூழ்கியிருப்பவர்களுக்கு நெருப்புச் சேதம் பாதிதான். தண்ணீருக்குள் மூச்சுவிட வைக்கிற வாட்டர் பிரீதிங் இருந்தால் அதை முதலில் போடச் சொல்லுங்கள்: பத்து பேருக்கு 24 மணிநேரம், பொருள் ஒரு வைக்கோல் துண்டு.

ராமேஸ்வரம், ஓவியக் கல்லூரி மாணவி: மேசையில் நிஜப் பொருட்களை வைத்து ஒரு மந்திரப் பெட்டி செய்கிறேன் அண்ணா. காய்ந்த கடல் குதிரை, பவளத் துண்டு கிடைத்திருக்கிறது. வேறு என்ன சேர்க்கலாம்?

முதலில் அந்த இரண்டையும் எடுத்துவிடம்மா. கடல் குதிரை, பவளப்பாறை, கடல் அட்டை மூன்றும் 2001-லிருந்து காட்டுயிர் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் இருக்கின்றன. கரையில் ஒதுங்கிக் கிடந்தது என்று சொன்னாலும் வனத்துறைக்காரர் பகடை உருட்ட மாட்டார்.

பனை ஓலைக் கொட்டான் ஒன்று வாங்கு, அதுவே பெட்டி. உள்ளே புன்னைக் கொட்டை, உடைமுள், கல் உப்பு, மயிலிறகுக்குப் பதில் கோழி இறகு, கற்பூரம். அம்பருக்கு, அதாவது கல்லாகிப்போன மரப்பிசினுக்கு, பதிலாகக் கருப்பட்டி வைக்காதே. நான் வைத்தேன். இரண்டாவது சண்டைக்குள் பாதி அம்பரைக் காணோம், மீதியில் எறும்பு.

ராமநாதபுரம், நகைக்கடையில் வேலை: ரிவிவிஃபைக்கு 300 காசு வைரம். பேரம் பேசி 200-க்கு வாங்கினா செத்தவன் எழுந்திரிக்க மாட்டானா?

உங்களிடமிருந்து இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். செய்கூலி, சேதாரம் சேர்த்தா கழித்தா என்று அடுத்துக் கேட்பீர்கள். விதி சொல்வது பெறுமானம், கொடுத்த விலை இல்லை. பெறுமானத்தை டிஎம் கல்லைக் காட்டும்போதே சொல்லிவிட வேண்டும். பிறகு அடித்துப் பிடித்து 150-க்கு வாங்கினாலும் அது 300 காசுக் கல்தான். பேரம் பேசியவன் கெட்டிக்காரன், அவனைத் தண்டிப்பானேன்.

ஒரு நுணுக்கம். ரிவிவிஃபைக்குச் சில்லறை வைரங்களைச் சேர்த்து 300 ஆக்கலாம், செத்து ஒரு நிமிடத்துக்குள் போட வேண்டும். செத்தவனை எழுப்புகிற இன்னொரு மந்திரமான ரெய்ஸ் டெட்டுக்குப் பத்து நாள் அவகாசம், ஆனால் 500 காசு பெறுமானத்தில் ஒற்றைக் கல்லாக வேண்டும். இரண்டிலும் கல் போய்விடும்.

மண்டபம், புது டிஎம்: எங்க மந்திரவாதி ரொம்ப ஆடுறான். ஒரு திருடனை விட்டுப் பையைத் தூக்கிடலாமா?

கோபத்தில் செய்தால் வேண்டாம். கதையில் இடம் இருந்தால் ஒரு தடவை செய்யுங்கள். சிறையில் அடைத்துப் பையைப் பறிமுதல் செய்தால் அவன் சுவரில் ஊர்கிற சிலந்தியையும் தரையில் கிடக்கிற மணலையும் தேடத் தொடங்குவான். ஸ்லீப்புக்கு ஒரு சிட்டிகை மெல்லிய மணல் போதும், காவலாளி சாய்ந்துவிடுவான். அந்தத் தேடல் சுவாரசியம். வாராவாரம் பை காணாமல் போனால் அது ஆட்டம் இல்லை, பழிவாங்கல். அவன் உண்மையில் தொந்தரவு என்றால் டீ வாங்கிக் கொடுத்து நேரில் பேசுங்கள்.

கீழக்கரைத் தம்பியே மறுபடியும்: விதிநூல் வாங்கக் காசில்லை காக்கா. ஓசியில கிடைக்குமா?

கிடைக்கும், திருட்டுப் பிரதி தேவையில்லை. அடிப்படை விதிகளை 2023 ஜனவரியில் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பொதுவில் விட்டுவிட்டார்கள், எஸ்ஆர்டி 5.1 என்று அந்தத் தொகுப்பின் பெயரைத் தேடு. மேலே சொன்ன மந்திரங்களில் பெரும்பாலானவை அதில் உண்டு. ஆங்கிலம் தடுமாறினால் தொடக்க நிலை மந்திரங்களைத் தமிழில் கையால் எழுதி ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஞாயிறு வந்தால் ஜெராக்ஸ் எடுத்துக்கொள். கொழுக்கட்டை பக்கத்தில் காபிக் கறை இருக்கும், கண்டுகொள்ளாதே.