68 மூட்டையா, 90 மூட்டையா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீடு கட்டுகிறோம். சுவர் எழும்பிவிட்டது, இனி மேலே வார்ப்பு. தளம் 900 சதுர அடி. ஒரு கான்ட்ராக்டர் 68 மூட்டை சிமெண்ட் போதும் என்கிறார், இன்னொருவர் 90 மூட்டை கேட்கிறார். யாரை நம்புவது? பொள்ளாச்சியில் விலை குறைவு என்கிறார்கள். அங்கே வாங்கிய பொருளில் கோளாறு வந்தால் எங்கே போய்க் கேட்பது?

பதில்: இரண்டு பேர் கணக்கும் சரியாகவே இருக்கலாம். தளத்தின் கனம் எத்தனை இஞ்சு என்று கேட்டீர்களா? 900 சதுர அடிக்கு 4 இஞ்சு என்றால் 300 கன அடி கான்கிரீட். 5 இஞ்சு என்றால் 375 கன அடி. எம்20 கலவையில், அதாவது 1 பங்கு சிமெண்டுக்கு ஒன்றரைப் பங்கு எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்த மணல்), 3 பங்கு ஜல்லி, ஒரு கன மீட்டருக்குச் சுமார் 8 மூட்டை போகும். ஒரு கன மீட்டர் என்பது 35.3 கன அடி. அப்படிப் போட்டால் 4 இஞ்சுக்கு 68 மூட்டை, 5 இஞ்சுக்கு 85. சேதாரம் சேர்த்தால் 90. முதல் ஆள் 4 இஞ்சு என்று வைத்துக்கொண்டு, அதை உங்களிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம். கனத்தைத் தீர்மானிக்க வேண்டியது வரைபடம் போட்ட இன்ஜினியர். அதை எழுதி வாங்கிவிட்டு இருவரிடமும் மறுபடி விலை கேளுங்கள். பீம், சன்ஷேடு சேர்ந்ததா என்றும், சென்ட்ரிங் (வார்ப்பைத் தாங்கும் பலகை, முட்டு), இறக்குகூலி யார் தலையில் என்றும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

5 இஞ்சுக்கு எம்-சாண்ட் ஒன்றே முக்கால் யூனிட், முக்கால் இஞ்சு ஜல்லி மூன்றேகால் யூனிட் வேண்டியிருக்கும். ஒரு யூனிட் 100 கன அடி. பணம் அதிகம் நழுவுவது இந்த இடத்தில்தான். எங்கள் வீட்டுக்கு 3 யூனிட் என்று ஒரு லாரி வந்தது. தொட்டி உள்ளளவு 12-க்கு 7 அடி. நடுவில் குவியல் மூன்றரை அடிக்கு மேல் இருந்தது, டிரைவர் அதைத்தான் காட்டினார். நான் ஒரு கம்பியை அடித்தட்டு தட்டும் வரை குத்தி, நடுவிலும் நான்கு மூலையிலும் அளந்து பார்த்தேன். மூலைகளில் மூன்றடிகூட இல்லை. சராசரி மூன்றடி, அதாவது 252 கன அடி. அரை யூனிட் குறைவு! இறக்குவதற்கு முன்பே அளந்ததால் அந்த அரை யூனிட்டுக்குக் காசைக் கழித்துக்கொண்டார்கள். கொட்டிய பிறகு யாரும் பேச மாட்டார்கள். மணல் ஈரமாக இருந்தால் கால் பங்கு வரைகூட உப்பித் தெரியும், அதையும் மனதில் வையுங்கள்.

கம்பிக்கு கன மீட்டருக்கு 80 கிலோ என்பது தோராயம்தான். வரைபடத்தில் உள்ள கம்பிப் பட்டியல்படி வாங்குங்கள். 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று 8 எம்எம் என்றால் 4.7 கிலோ, 10 எம்எம் என்றால் 7.4 கிலோ வர வேண்டும். நாலைந்தை எடைபோட்டாலே தெரிந்துவிடும். சிமெண்ட் மூட்டையில் ஐஎஸ்ஐ முத்திரையும் தயாரித்த வாரமும் இருக்கும். மூன்று மாதம் தாண்டியதை வாங்காதீர்கள்.

அப்புறம் பொள்ளாச்சி. 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்ட் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதம் ஆனது, கேரள-தமிழ்நாடு எல்லைக்கு இருபுறமும் அதே வரிதான். யாராவது ரொம்பக் குறைத்துச் சொன்னால் பில் இல்லாத சரக்கா என்று பாருங்கள். லாரி வாடகையையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். ஜல்லி, எம்-சாண்ட் லாரிக்கு நடைச்சீட்டு (கனிமம் ஏற்றிச் செல்வதற்கான அரசு அனுமதிச் சீட்டு) இருக்கிறதா என்றும் கேளுங்கள். பில் இருந்தால், கோளாறு வந்தாலும் நீங்கள் பொள்ளாச்சிக்கு அலைய வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். உங்களுக்குப் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்னால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் சொல்லிப் பார்க்கலாம்.

ஒன்று விட்டுப்போயிற்று. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தளத்தைச் சீக்கிரம் காய வைத்துவிடும். வார்ப்பு இறுகியதுமே ஈரச்சாக்கு போட்டு மூடுங்கள், மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். பிபிசி (PPC, பெரும்பாலும் நிலக்கரிச் சாம்பல் கலந்தது) சிமெண்ட் என்றால் 10 நாளாவது நிற்க வேண்டும், 14 நாள் நின்றால் நல்லது. தண்ணீர் லாரிக்கான செலவையும் இப்போதே கணக்கில் எழுதிவிடுங்கள்.