ஐஸ் கரைந்தாலும் சுவை கரையாமலிருக்க: வாசகர் கேள்வி – பதில்

கத்திரி வெயில் நெருங்கிவிட்டதால், இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டில் செய்யும் பழச்சாற்றையும் ஐஸையும் பற்றியே இருந்தன. ஒரே பொருளில் வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்து, எல்லோருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு இங்கே விடை தந்திருக்கிறோம்.

கேள்வி: தர்பூசணியை வீட்டில் அரைத்து ஐஸ் கட்டி போட்டுக் கொடுத்தால், பிள்ளைகள் பாதி குடிப்பதற்குள் அது வெறும் சிவப்புத் தண்ணீராகிவிடுகிறது. ஐஸைக் குறைத்தால் ஜில்லென்று இல்லை என்கிறார்கள். என்னதான் செய்வது?
– வாசகி, வேளச்சேரி

பதில்: தெருமுனையில் குவித்து வைத்திருந்த பழத்தை வாங்கி வந்து, அந்தச் சூட்டோடே மிக்ஸியில் போட்டுவிட்டு, குளிர்விக்கும் வேலை முழுவதையும் ஐஸிடம் ஒப்படைப்பதால் வரும் தொல்லை இது. ஒரு கிராம் ஐஸ் உருகும்போது ஏறத்தாழ 80 கலோரி வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். 32 டிகிரி செல்சியஸில் இருக்கும் 200 மில்லி சாற்றை 5 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டுமானால் 60 கிராமுக்குச் சற்றுக் கூடுதலான ஐஸ் முழுவதும் உருகித் தீர வேண்டும். அதாவது ஒவ்வொரு டம்ளர் சாற்றிலும் கால் டம்ளருக்கு மேல் தண்ணீரை நீங்களே ஊற்றுகிறீர்கள். அதே சாறு ஃப்ரிட்ஜில் இருந்து 8 டிகிரியில் வெளியே வந்திருந்தால் ஏழெட்டு கிராம் ஐஸ் உருகினாலே போதும். தர்பூசணியோ இயல்பிலேயே நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீராக உள்ள பழம். அதற்கு மேலும் தண்ணீரைத் தாங்கும் திறன் அதற்கில்லை.

ஆகவே ஐஸை விட்டுவிட்டுப் பழத்தையே உறைய வையுங்கள். சிவப்புச் சதையை விரற்கணு அளவுத் துண்டுகளாக நறுக்கி, கறுப்பு விதைகளைக் கத்தி நுனியால் நெம்பி எடுத்துவிட்டு, ஒரு தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாதபடி பரப்பி இரவு முழுவதும் ஃப்ரீசரில் வைக்க வேண்டும். குவியலாக வைத்தால் மறுநாள் காலையில் பாறையாகக் கிடக்கும், உலக்கை தேடும்படி ஆகிவிடும். இரண்டு டம்ளருக்கு, ஃப்ரிட்ஜில் குளிர்ந்த உறையாத துண்டுகள் ஒரு கிண்ணத்தை முதலில் ஜாரின் அடியில் போட்டு, அதன் மேல் உறைந்த துண்டுகள் இரண்டு கிண்ணம், அரை மூடி எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு, ஏழெட்டுப் புதினா இலை ஆகியவற்றைச் சேர்த்து, மிக்ஸியை விட்டு விட்டுச் சுற்றுங்கள். உறைந்த துண்டுகளை ஐந்து நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் போட்டால் பிளேடும் மோட்டாரும் திணறாது. கரண்டியால் அள்ளும் பதத்தில் வரும் இந்தப் பானம், கரையக் கரையவும் தர்பூசணியாகவே இருக்கும். விதையோடு அரைத்துவிட்டு வடிகட்டிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம், உடைந்த விதையின் சொரசொரப்பும் லேசான கசப்பும் வடிகட்டியைத் தாண்டி வந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மிகக் குளிர்ந்த பொருளில் நாக்கு இனிப்பைக் குறைவாகவே உணரும். உருகிப்போன ஐஸ்கிரீம் திகட்டுவது அதனால்தான். ஆகையால் இனிப்பு போதுமா என்பதைக் குளிர்ந்த பிறகு ருசித்துப் பார்த்துத் தீர்மானியுங்கள். கிர்ணிப் பழத்துக்கும் பங்கனப்பள்ளி மாம்பழத்துக்கும் இதே முறை பொருந்தும். நாரில்லாத சதை கொண்ட பங்கனப்பள்ளி உறைந்த பின் வெண்ணெய் போல அரைபடும் என்பதால், அதில் பால்கூடத் தேவைப்படாது.

கேள்வி: காலையில் பிழிந்து ஃப்ரிட்ஜில் வைத்த சாத்துக்குடிச் சாறு மாலைக்குள் கசந்துவிடுகிறது. பழம் மோசமா?
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: பழத்தின் மீது பழியில்லை. சாத்துக்குடியின் வெள்ளைத் தோலிலும் சுளையைப் போர்த்தியிருக்கும் சவ்விலும் சுவையற்ற ஒரு பொருள் இருக்கிறது. சாற்றில் உள்ள புளிப்பு அதன் மீது பட்டதும், அது சிறிது சிறிதாக லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறிவிடும். பிழிந்த உடனே குடிப்பவருக்கு இது தெரிவதில்லை, சில மணி நேரம் கழித்துக் குடிப்பவர்தான் முகத்தைச் சுளிக்கிறார். பழத்தை முழுதாகவே ஃப்ரிட்ஜில் குளிரவைத்து, வேண்டும்போது பிழிந்து அப்போதே குடிப்பதுதான் வழி. பிழியும்போது தோலின் உட்புறம் வெள்ளையாகச் சுரண்டப்படும் அளவுக்கு அழுத்த வேண்டாம். மிக்ஸியில் போடுவதாக இருந்தால் சவ்வையும் விதையையும் நீக்கிய சுளைகளை மட்டும் போடுங்கள். ஏற்கெனவே லேசாகக் கசந்த சாற்றில் ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்தால் கசப்பு ஓரளவு அடங்கும். சர்க்கரையைக் கொட்டுவதைவிட இது மேல்.

கேள்வி: அன்னாசிப் பழத்தைக் குளிர்ந்த பாலோடு அரைத்தேன். சிறிது நேரத்தில் திரிந்து, குடிக்க முடியாத கசப்பாகிவிட்டது. கடையில் மட்டும் எப்படிச் செய்கிறார்கள்?
– வாசகி, அம்பத்தூர்

பதில்: அன்னாசியில் புளிப்பு இருக்கிறது என்பது பாதிக் காரணம். மீதிக் காரணம், அதிலுள்ள புரோமெலைன் என்ற நொதி பாலின் புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டிவிடுவது. அப்படி வெட்டுப்பட்ட துணுக்குகள்தான் கசக்கின்றன. இந்த நொதிக்குச் சூடு ஆகாது. டின்னில் வரும் அன்னாசி சூடுபடுத்தப்பட்டது என்பதால் பாலோடு ஒத்துப்போகும். வீட்டில் செய்வதென்றால், பழத்தைப் பொடியாக நறுக்கி, சிறிது சர்க்கரை தூவி, அதில் ஊறும் நீரிலேயே துண்டுகள் கண்ணாடி போல ஆகும் வரை கொதிக்கவிட்டு, ஆறிய பின் ஃப்ரீசரில் நன்றாகக் குளிரவைத்து, பரிமாறும் வேளையில் மட்டும் ஐஸ் போலக் குளிர்ந்த பாலில் கலக்குங்கள். புளிப்பு மிகுந்த பழமாக இருந்தால் அப்போதும் சற்றுத் திரியக்கூடும். நம் கருத்தைக் கேட்டால், பச்சை அன்னாசிக்குப் பாலே வேண்டாம். இஞ்சித் துண்டும் மிளகுத் தூளும் சேர்த்துத் தண்ணீரில் அடித்தால் அதன் மணம் முழுமையாக நிற்கும்.

கேள்வி: பன்னீர் திராட்சையை அரைத்து வடிகட்டினால் நிறமே வரவில்லை, துவர்க்கவும் செய்கிறது. என் மாமியார் செய்யும் சாறு மட்டும் கருஞ்சிவப்பாக இருக்கும். அவர் முறையைக் கேட்டுவைக்காமல் விட்டுவிட்டேன்.
– வாசகி, பெரம்பூர்

பதில்: உங்கள் மாமியார் பழத்தை வேகவைத்திருப்பார். கம்பம் பள்ளத்தாக்கில் விளைந்து கோயம்பேட்டுக்கு வரும் இந்தப் பழத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அதன் நிறம் முழுவதும் தோலில்தான் இருக்கிறது, உள்ளே இருக்கும் சதை வெளிறியது. பச்சையாக அரைத்தால் தோல் நிறத்தை விடுவதற்குள் விதை உடைந்து துவர்ப்பைக் கொடுத்துவிடும்.

அரைக் கிலோ பழத்தைக் காம்பு நீக்கி, உப்புக் கலந்த நீரில் இரண்டு முறை அலசி, எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டு, பழம் மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி மிதமான தீயில் வையுங்கள். எட்டுப் பத்து நிமிடத்தில் தோல்கள் வெடித்து மடங்கத் தொடங்கும், தண்ணீர் மை கரைத்தாற்போல ஆகும். அப்போது கரண்டியின் முதுகால் விதை நொறுங்காதபடி மெல்ல மசித்து, ஆறவிட்டு வடிகட்டிச் சர்க்கரை சேர்க்கவும். இரும்புப் பாத்திரம் பட்டால் நிறம் கறுத்துவிடும். சில பகுதிகளின் போர் தண்ணீரைச் சேர்த்தாலும் நீலம் பாய்ந்து மங்கிப்போகும், ஏனெனில் திராட்சையின் நிறப்பொருள் புளிப்பில் சிவக்கும், காரத்தன்மையில் நீலமாகும். கடைசியில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாற்றை ஊற்றிப் பாருங்கள். மங்கலான ஊதா உங்கள் கண் முன்னே மாணிக்கச் சிவப்பாக மாறும். பிள்ளைகளை அருகில் நிறுத்திக்கொண்டு செய்யலாம், கூப்பிடாமலே வருவார்கள்.

இந்தச் சாற்றில் ஒரு பங்கை ஐஸ் டிரேயில் ஊற்றி உறைய வைத்து, மீதியைக் குளிர்ந்த நீரோடு கலந்து டம்ளரில் ஊற்றியபின் அந்தத் திராட்சைக் கட்டிகளைப் போடுங்கள். இருபது நிமிடம் தண்ணீரில் ஊறிய சப்ஜா விதை ஒரு கரண்டி சேர்ந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: விருந்தினர் அதிகம் வரும் நாளில் வெளியிலிருந்து ஐஸ் கட்டி வாங்கலாமா? வீட்டு ஐஸ் நடுவில் ஏன் வெள்ளையாக இருக்கிறது?
– வாசகர், திருவல்லிக்கேணி

பதில்: ஐஸைப் பற்றிக் கேட்பதற்கு உங்கள் பேட்டைக்குத்தான் முதல் உரிமை. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் ஏரிகளிலிருந்து அறுத்தெடுத்த ஐஸைக் கப்பலில் கொண்டுவந்து சேமிப்பதற்காக டியூடர் என்ற வணிகரின் நிறுவனம் 1842-இல் கட்டிய ஐஸ் ஹவுஸ், இன்று விவேகானந்தர் இல்லமாக உங்கள் கடற்கரையில் நிற்கிறது.

மீன் போன்ற பொருட்களைக் கெடாமல் வைப்பதற்காகச் செய்யப்படும் பார் ஐஸ் குடிநீரில்தான் செய்யப்பட்டது என்று நம்பிவிட முடியாது. உண்ணத்தக்க ஐஸையும் உண்ணத்தகாத ஐஸையும் மக்கள் வேறுபடுத்தி அறிவதற்காகவே, உண்ணத்தகாத ஐஸில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-இல் அறிவித்தது. ஆயினும் வெள்ளையாக இருப்பதெல்லாம் உண்ணத்தக்கது என்று நம்பிவிட முடியாது. உறைவதால் கிருமி சாவதில்லை, டைஃபாய்டும் மஞ்சள் காமாலையும் ஐஸ் வழியாகவும் வரும். எனவே, கொதித்து ஆறிய நீரில் மூன்று நான்கு நாள் முன்பிருந்தே கட்டிகள் செய்து, மூடியுள்ள டப்பாவில் சேர்த்து வாருங்கள். திறந்து வைத்தால் மீன் குழம்பின் வாசனை ஏறிவிடும். நடுவில் தெரியும் வெண்மை, தண்ணீரில் கரைந்திருந்த காற்றும் உப்புகளும் வெளிப்புறத்திலிருந்து உறைந்துவரும் பனிக்கு ஒதுங்கி மையத்தில் சிக்கிக்கொள்வதால் ஏற்படுவது. அதனால் கெடுதல் எதுவும் இல்லை.

கேள்வி: என் அப்பாவுக்குச் சர்க்கரை நோய். சர்க்கரை போடாத பழச்சாறு தரலாமா? வீட்டில் பத்து மாதக் குழந்தையும் இருக்கிறது.
– வாசகி, தாம்பரம்

பதில்: குழந்தைக்கு ஒரு வயது நிறையும் வரை பழச்சாறே வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பு 2017-இல் பரிந்துரைத்திருக்கிறது. மசித்த வாழைப்பழமோ பப்பாளியோ கொடுக்கலாம், ஐஸ் வேண்டாம்.

தங்கள் தந்தையைப் பொறுத்தவரை, வெள்ளைச் சர்க்கரை போடாவிட்டாலும் பழத்தின் சர்க்கரை சாற்றில் அப்படியே இருக்கிறது, அதை மெதுவாக்கும் நார் மட்டும் வடிகட்டியோடு போய்விடுகிறது. நாம் கட்டுப்படுத்த வேண்டிய சர்க்கரைகளின் கணக்கில் பழச்சாற்றில் உள்ளதையும் உலக சுகாதார நிறுவனம் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் சேர்த்தே சொல்கிறது. மருத்துவர் அனுமதித்த அளவில் முழுப் பழமாகக் கொடுங்கள். குடிப்பதற்கு நீர்மோரும் வெள்ளரியும் உண்டு. கடையில் விற்கும் நன்னாரி சர்பத்தில் பெரும்பகுதி சர்க்கரைப் பாகுதான் என்பதால் அதைத் தவிர்த்துவிட்டு, நாட்டு மருந்துக் கடையில் நன்னாரி வேராகவே வாங்கி, கழுவி நசுக்கி, உள்ளே இருக்கும் கட்டையை நீக்கிவிட்டு, காய்ச்சி ஆறவைத்த நீர் உள்ள மண்பானையில் துணி முடிச்சாகப் போட்டு வையுங்கள். இரவு கழிந்தால் தண்ணீரில் அந்த மணம் ஏறியிருக்கும். அதில் எலுமிச்சையைப் பிழிந்து, உப்பும் சற்று வறுத்த சீரகத் தூளும் கலந்து கொடுக்கலாம். இரத்த அழுத்தமும் இருந்தால் உப்பை விட்டுவிடுங்கள்.