ஃபெரோகாந்த ஒத்ததிர்வும் ஸ்பின் பம்பிங்கும்: கேள்வி பதில்

காந்தப் படலத்தின் காந்தமாக்கலை மைக்ரோவேவால் அதன் இயல்பு அதிர்வெண்ணில் ஆட்டுவது ஃபெரோகாந்த ஒத்ததிர்வு. அப்போது மைக்ரோவேவ் உறிஞ்சப்படும் உச்சிதான் ஒத்ததிர்வுக் கோடு. ஆடும் காந்தமாக்கல் பக்கத்துப் படலத்துக்குள் ஸ்பின் மின்னோட்டத்தை, அதாவது எலக்ட்ரான்களின் ஸ்பினைச் சுமக்கும் ஓட்டத்தை, தள்ளுவது ஸ்பின் பம்பிங். அப்படித் தள்ளுவதால் ஆட்டம் சீக்கிரம் அடங்கும், கோடு அகலும்.

தரமணி மாணவர்: சார், பெர்மலாய் (நிக்கல்-இரும்புக் கலவை) மேல் பிளாட்டினம் போட்டதும் ஒத்ததிர்வுக் கோடு அகலமாகிவிட்டது. ஸ்பின் மின்னோட்டம் பிளாட்டினத்துக்குள் இறங்கிவிட்டது என்று எழுதலாமா?

ஒரே அதிர்வெண்ணில் அளந்ததை நம்பி எழுதாதீர்கள். படலம் சீராக இல்லாவிட்டாலும் கோடு அகலும். 4 முதல் 16 கிகாஹெர்ட்ஸ் வரை அளந்து, அதிர்வெண்ணுக்கு எதிரே அகலத்தை வரையுங்கள். சாய்விலிருந்து தணிப்பு (ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்ற அளவு) கிடைக்கும். பூஜ்ய அதிர்வெண்ணில் எஞ்சும் அகலம் சீரின்மையின் பங்கு. பிளாட்டினம் இல்லாத பெர்மலாயின் தணிப்பு 0.007, 0.008 பக்கம் இருக்கும். ஒப்பீட்டு மாதிரியைத் திறந்து விடாமல் செம்பால் மூடுங்கள். பெர்மலாய் ஆக்சைடானால் ஒப்பீடே கெட்டுவிடும். அடுத்து பெர்மலாயை 5, 8, 12, 20 நானோமீட்டர் தடிமன்களில் செய்து பாருங்கள். தடிமன் இரட்டிப்பானால் கூடுதல் தணிப்பு பாதியாக வேண்டும். அப்படி வந்தால்தான் இரு படலங்களும் தொடும் இடைமுகத்தைப் பற்றிப் பேச முடியும்.

இன்னொன்று: லாக்-இன் பெருக்கி (புலத்தை லேசாக அசைத்து, அதே அதிர்வெண்ணில் வரும் சைகையை மட்டும் எடுக்கும் கருவி) தருவது உறிஞ்சலின் வகைக்கெழு. அதன் உச்சிக்கும் பள்ளத்துக்கும் உள்ள இடைவெளியை 1.73ஆல் பெருக்கினால்தான் முழு அகலம். பலர் தணிப்பைக் குறைத்துச் சொல்வது இங்கேதான்.

கிண்டி மாணவி: 9 கிகாஹெர்ட்ஸில் ஒத்ததிர்வை எந்தக் காந்தப்புலத்தில் தேடுவது?

புலம் படலத்தின் தளத்திலேயே இருந்தால் பெர்மலாய்க்குச் சுமார் 95 மில்லிடெஸ்லா, இட்ரியம் இரும்பு கார்னெட்டுக்கு (மின்சாரம் கடத்தாத காந்தப் பொருள்) 245. கார்னெட்டின் கோடு மிகக் குறுகலானது. புலத்தைப் பெரிய படிகளில் நகர்த்தினால் கோட்டைத் தாண்டிப் போய்விடுவீர்கள்.

வேளச்சேரி வாசகர்: பிளாட்டினத்தில் சில மைக்ரோவோல்ட் வருகிறது. ஸ்பின் மின்னோட்டம் மின்னழுத்தமாக மாறும் தலைகீழ் ஸ்பின் ஹால் விளைவுதானே?

புலத்தைத் திருப்பினால் குறி மாற வேண்டும். அது மட்டும் போதாது. பெர்மலாயின் மின்தடை காந்தமாக்கலின் திசையோடு மாறுவதால் மைக்ரோவேவ் மின்னோட்டம் நேராக்கப்பட்டு அங்கேயே ஒரு மின்னழுத்தம் பிறக்கும். ஸ்பின் ஹால் சைகையைப் போலவே, அதிலும் ஒத்ததிர்வின் இருபுறமும் சமச்சீரான பங்கு இருக்கலாம். புலத்தின் கோணத்தை மாற்றிப் பிரித்தெடுங்கள். பிளாட்டினத்துக்குப் பதில் டான்டலம் போட்டுப் பாருங்கள்: ஸ்பின் ஹால் பங்கு குறி மாறும். மைக்ரோவேவ் திறனுக்கு நேர்விகிதத்தில் வருவதைச் சான்றாகக் காட்டாதீர்கள்; வெப்பத்தால் வருவதும் அப்படித்தான் ஏறும்.

தாம்பரம் மாணவர்: சார், இரும்பு ஜெர்மேனியம் டெல்லுரைடு (அடுக்கடுக்காக உரியும் காந்தப் பொருள்) செதில்களுக்குள் ஸ்பின் மின்னோட்டத்தைச் செலுத்த முடியுமா?

முடியும். ஆனால் பெர்மலாயைச் செதிலின் அளவுக்கே வெட்டுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பெர்மலாயின் சைகை செதிலின் மாற்றத்தை மறைத்துவிடும். செதிலை உரிப்பதும் மூடுவதும் காற்று புகாத குளோவ்பாக்ஸுக்குள்ளேயே நடக்கட்டும். ஆக்சைடு படிந்த பரப்பில் ஸ்பின் மின்னோட்டம் தடைபடும். இதன் கியூரி வெப்பநிலை (அதற்கு மேல் காந்த ஒழுங்கு மறையும்) சுமார் 220 கெல்வின் என்பதால் அதற்கு மேலும் கீழும் தணிப்பை அளந்து ஒப்பிடுங்கள். அளந்து முடித்ததும் கிரையோஸ்டாட்டை (மாதிரியைக் குளிர வைக்கும் கலம்) உடனே திறக்காதீர்கள். சென்னைக் காற்றின் ஈரம் குளிர்ந்த மாதிரியில் நீராகப் படியும். அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே திறக்க வேண்டும்.