மேல்வீட்டு பாத்ரூம் ஒழுகி என் வீடு நாசம்: நஷ்டஈடு கிடைக்குமா?

கேள்வி: நாகர்கோவில் பார்வதிபுரத்தில் ஒரு ஃபிளாட்டின் இரண்டாம் மாடி எங்களுடையது. மேல்வீட்டு பாத்ரூமிலிருந்து தண்ணீர் இறங்கி பெட்ரூம் சீலிங்கில் காரை பெயர்ந்து விழுகிறது. அலமாரியும் அதிலிருந்த பட்டுச் சேலைகளும் போச்சு. ஓனர் துபாயில் இருக்கிறார். போன் செய்தால் "அது மழைத் தண்ணி" என்கிறார். வாடகைக்கு இருப்பவர் "ஓனர்கிட்ட பேசுங்க" என்கிறார். என்ன செய்வது?

பதில்: நஷ்டஈடு கேட்கலாம். ஆனால் பெயின்டரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் பூசி மறைத்துவிடாதீர்கள், உங்கள் கேஸே அந்தச் சுவரில்தான் இருக்கிறது.

ஒழுகியது என்பதற்காக மட்டும் கோர்ட் பணம் வாங்கித் தராது. ஒழுகுவது தெரிந்தும் அவர் சரிசெய்யவில்லை என்று நீங்கள் காட்ட வேண்டும். போனில் பேசியதை நாளைக்கு அவர் மறுத்துவிடலாம். அதனால் வக்கீல் நோட்டீஸ் விடுங்கள், மேல்வீட்டு முகவரிக்கும் துபாய் முகவரிக்கும் ஒப்புகையோடு, பவர் ஏஜென்ட் இருந்தால் அவருக்கும் ஒன்று. வாட்ஸ்அப் செய்திகளையும் போட்டோக்களையும் அழிக்காதீர்கள். அவற்றைத் தாக்கல் செய்யும்போது 2023-ஆம் ஆண்டு பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றும் (போன், கம்ப்யூட்டர் பதிவுகளைச் சாட்சியமாக ஏற்கத் தேவையான சான்று) கூடவே போக வேண்டும்.

அடுத்து அந்த மழைக் கதை. நம்ம மாவட்டத்தில் ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை என்பதால் எல்லா ஓனருக்கும் இது வசதியான சாக்கு. மாசி வெயிலிலும் சொட்டுகிறது என்றால் தேதியோடு படம் எடுங்கள், அதற்கு மேல் பேச்சே இல்லை. அவர்கள் சம்மதித்தால் பிளம்பரை வைத்து மேல் பாத்ரூமின் வடிகாலை அடைத்து, சாயம் கலந்த தண்ணீரைத் தேக்கி ஒரு நாள் விட்டுப் பாருங்கள், உங்கள் சீலிங்கில் சாயம் இறங்கினால் சங்கதி வெளிச்சம். சம்மதிக்காவிட்டால் வழக்குப் போட்டபின் சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 26, ரூல் 9-ன்படி அட்வகேட் கமிஷனரை, அதாவது இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தர கோர்ட் அனுப்பும் வக்கீலை, நியமிக்கச் சொல்லலாம். இன்ஜினியரோடு வந்து அவர் தரும் அறிக்கைக்கு மதிப்பு அதிகம்.

குழாயும் தளமும் கெட்டுப்போனால் ஓனர் பொறுப்பு, குழாயைத் திறந்துபோட்டு ஊருக்குப் போயிருந்தால் வாடகைக்காரர். பொதுக் குழாய் என்றால் அசோசியேஷனைத்தான் கேட்க வேண்டும். பலர் நினைப்பதுபோல் மேல்வீட்டுக்காரர்மீது நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது, அவர் உங்களுக்குச் சேவை விற்றவர் இல்லையே. கட்டியவர் வேலையில்தான் கோளாறு என்றால் கதை வேறு: வீட்டை ஒப்படைத்து 5 வருஷத்துக்குள் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டப்படி அவரையே இலவசமாகச் சரிசெய்யச் சொல்லலாம்.

எவ்வளவு கேட்பது? கொத்தனார் எஸ்டிமேட், பில், சேலை வாங்கிய ரசீது, இவ்வளவுதான் அடிப்படை. பத்து வருஷ அலமாரிக்குப் புது விலை வராது. மன உளைச்சலுக்கு லட்சக்கணக்கில் போட்டுவிடவும் வேண்டாம், கேட்கும் தொகையில் 3 சதவீதம் கோர்ட் கட்டணம். அதைவிட முக்கியம், ஒழுக்கை அடைக்க உத்தரவிடும் செயலுறுத்துக் கட்டளையையும் சேர்த்துக் கேளுங்கள், இல்லாவிட்டால் வாங்கின பணத்தில் பூசிய சீலிங் அடுத்த மாசம் மறுபடி ஓதமடிக்கும். சேதத்துக்குப் பணம் கேட்க காலக்கெடு 3 வருஷம்.

வழக்குக்கு முன்னால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுத்துப் பாருங்கள். அங்கே லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) சமரசமானால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீலும் கிடையாது. ஒன்று மட்டும்: கோபத்தில் மேல்வீட்டுக்குப் போகும் தண்ணீர் வால்வை அடைத்துவிடாதீர்கள், அப்புறம் பிராது அந்தப் பக்கத்திலிருந்து வரும்.