வசதி அமைவிடச் சிக்கல் என்றால் என்ன? கணிதம் அதை எப்படித் தீர்க்கிறது?

பால் சேகரிப்பு நிலையம், மருந்தகம் போன்றவற்றை எங்கே வைத்தால் எல்லோருடைய அலைச்சலும் குறையும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் இது.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரே நேர் வீதியில் 0, 2, 10ஆவது கிலோமீற்றர்களில் மூன்று ஊர்கள் என்று வையுங்கள். ஊருக்கு ஒரு கேன் பால். சராசரி பார்த்து 4இல் நிலையம் வைத்தால் மொத்தத் தூரம் 4+2+6=12. நடு ஊரான 2இலேயே வைத்தால் 2+0+8=10. சராசரியை நடு ஊர் வெல்கிறது, இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

சரி, 100 ஊர்களில் 10 நிலையங்கள் என்றால்? தெரிவுகள் 17 இலட்சம் கோடிக்கு மேல். எல்லாவற்றையும் பார்க்க முடியாது. ஒவ்வொரு ஊருக்கும் 'நிலையம் உண்டு' என்றால் 1, 'இல்லை' என்றால் 0 என எழுதி, தேறாத தெரிவுக் கூட்டங்களை மொத்தமாகவே வெட்டிவிடுகிறார்கள். சந்தையில் கிலோ 900 ரூபாய்க்கு நல்ல மீன் கண்டாயிற்று. அடுத்த கடையில் ஆகக் குறைந்த விலையே 1,200 என்றால் அங்கே ஒவ்வொரு மீனாகப் புரட்டுவோமா? அதே யோசனைதான். அதற்கும் நேரமில்லாவிட்டால், ஒரு நிலையத்தை இடம் மாற்றி மாற்றி, இனித் தூரம் குறையாது என்னும்வரை பார்ப்பார்கள். விடை நன்றாக இருக்கும், ஆனால் அதுதான் ஆகச் சிறந்தது என்ற உத்தரவாதம் இல்லை.

தூரத்தை வீதிவழியே அளக்க வேண்டும். குருமண்வெளியும் மண்டூரும் வரைபடத்தில் பக்கத்தில்தான். இடையில் வாவி கிடக்கிறது, 'பாதை' என்று சொல்லும் மிதவைப் படகில் ஏற வேண்டும்.

அப்புறம், மொத்தத் தூரம் குறைந்தால் எல்லோருக்கும் கிட்ட வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, மேலே கடைசி ஊர் 8 கிலோமீற்றர் போகிறது, அம்புலன்ஸ் நிலையமென்றால் 5இல் வைத்து யாருக்கும் 5க்கு மேல் போகாமல் பார்ப்பதே சரி.